அவுரி நீலம் வேணும், அவுரி விலை மட்டும் வேணாமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு பை. பை நிறைய வெள்ளை உல்லன் நூல், சிட்டம் சிட்டமாக. ஆபீஸ் வேலை முடிந்ததும் ராத்திரி உட்கார்ந்து பின்னுகிறாளாம். தொப்பி, கழுத்துத் துண்டு, குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன பொம்மை. ஃபெல்ட் பண்ணவும் பழகியிருக்கிறாள். அதாவது கம்பளியை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, நூல் தனியாகத் தெரியாமல் மெத்தை மாதிரி இறுக வைப்பது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கைவேலை பழகுற பிள்ளையை யார் குறை சொல்லப்போறா?

அப்புறம் பையின் அடியிலிருந்து இன்னொரு சிட்டத்தை எடுத்தாள். சாணியைக் கரைத்து முக்கினது மாதிரி ஒரு நிறம்.

“மாமா, நீங்க அவுரி போட்டவங்கதானே? இது ஏன் நீலமா வரலை?”

“எதுல போட்டே?”

“ஆன்லைன்ல அவுரிப் பொடி வாங்கினேன். ஒரு மணி நேரம் கொதிக்க வச்சேன்.”

பாக்கெட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். காசியா அங்குஸ்டிஃபோலியா என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாய அவுரிக்குப் பெயர் இண்டிகோஃபெரா டிங்டோரியா. நீலி என்றும் சொல்வார்கள். இவள் வாங்கியது தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மானாவாரியில் போடுகிற சென்னா. அதையும் அங்கே அவுரி என்றுதான் சொல்கிறார்கள். மலச்சிக்கலுக்கு மருந்து. குடித்தால் வயிறு போகும், கம்பளியில் நீலம் ஏறாது.

பெயர்க் குழப்பம் அவள் தப்பு இல்லை. அதற்காக இதை எழுதவில்லை. அதற்கப்புறம் நடந்த பேச்சுக்காகத்தான் எழுதுகிறேன்.

“எனக்குக் கெமிக்கலே வேணாம் மாமா. சுத்தமான இயற்கைச் சாயம்தான் வேணும். நிஜமான அவுரிக் கட்டி கிலோ என்ன விலை?”

சொன்னேன்.

“அய்யோ, அவ்வளவா? இதுல பாதி விலைக்கு ஆன்லைன்ல கிடைக்குதே!”

இந்த ஒரு பேச்சில் எங்கள் பிழைப்பின் மொத்தக் கதையும் இருக்கிறது. வீட்டில் கம்பளிக்குச் சாயம் போடுகிற நகரத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படியுங்க.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் சாயம் போடுகிற நூல் கம்பளிதானா? நம்ம ஊர்க் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது பிளாஸ்டிக் சாதி. ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்க. கம்பளி என்றால் முடி பொசுங்கிய நாத்தம் வரும், சாம்பலைக் கசக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகி, கறுப்பாகக் கெட்டியான முத்து மாதிரி நிற்கும். அந்த நூலில் செண்டுமல்லியும் ஏறாது, வெங்காயத் தோலும் ஏறாது, தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது. பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு இயற்கைச் சாயம் தேடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நிஜக் கம்பளியும் நம்ம பக்கத்து ஆட்டிலிருந்து வருவதில்லை. எங்கள் பக்கம் மேய்கிற செம்மறிக்கு உடம்பில் கம்பளி கிடையாது, முடிதான். அது கறி ஆடு. நீலகிரி ஆட்டுக்கும் கோயம்புத்தூர் ஆட்டுக்கும் கம்பளி உண்டு. குறும்பர்கள் அந்தக் காலத்திலிருந்தே கறுப்புக் கம்பளி நெய்தவர்கள். உங்கள் பைக்குள் இருக்கும் மெத்தென்ற மெரினோ அனேகமாக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் ஏறி வந்தது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த நூலுக்குக் கொடுக்கிற காசு, முப்பது மைலில் விளைகிற தழைக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் கசக்கிறது? இதுதான் என் கேள்வி.

இப்போது நீலத்துக்கு வருகிறேன்.

அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலமும், ஆலையில் செய்த நீலமும் ஒரே மூலக்கூறு. இண்டிகோ. செடி நீலத்தில் கூடவே வேறு சில பொருள்களும் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியில் பேயர் என்பவர் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1905-இல் நோபல் பரிசும் வாங்கினார். 1897-இல் பிஏஎஸ்எஃப் ஆலை அந்த நீலத்தைச் சந்தைக்கு விட்டது. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற ஜீன்ஸ் அத்தனையும் கிட்டத்தட்ட அந்த ஆலை நீலம்தான். கெமிக்கலே வேணாம் என்று சொன்ன என் அக்கா மகளும் அன்றைக்கு ஜீன்ஸ்தான் போட்டிருந்தாள்!

அப்படியானால் உங்கள் தொப்பிக்கு இது செடியா ஆலையா என்று தெரியவா போகிறது? தெரியாது. தலையில் போட்டுக்கொள்கிற குழந்தைக்கும் தெரியாது. வித்தியாசம் தெரிகிற ஒரே இடம் வயல். அதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கனகசெட்டிக்குளம். புதுச்சேரியின் வடக்கு ஓரம். கிழக்கே கடல், நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை, எங்களைத் தாண்டினால் தமிழ்நாடு. மணல் கலந்த பூமி. சவுக்கு, முந்திரி, மல்லாட்டை. எனக்கு இருப்பது ஒன்றரைக் காணி. அதில் அரைக் காணியில் ரெண்டு பருவம் மல்லாட்டை எடுத்த பிறகு அவுரி போட்டேன். அதிகம் தண்ணி கேட்காது. மாடு, ஆடு அவ்வளவாக வாய் வைக்காது. உளுந்து, பயறு மாதிரி வேரில் முடிச்சு கட்டும், மண்ணுக்குத் தழைச்சத்து சேரும். மூணு மாசத்தில், பூக்கிறதுக்கு முன்னே அறுக்கணும். கட்டையை விட்டால் மறுபடி துளிர்க்கும், இரண்டாவது வெட்டும் எடுக்கலாம். சாறு இறங்கிய சக்கைத் தழை அருமையான எரு. அவுரி போட்ட இடத்தில் அடுத்து வந்த பயிரின் பச்சையை நான் கண்ணால் பார்த்தவன்.

இதெல்லாம் ஆலையில் கிடையாது. அங்கே மூலப்பொருள் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் வருகிறது. ஆகையால் இயற்கைச் சாயத்தின் நன்மை உங்கள் நூலில் இல்லை, எங்கள் மண்ணில்தான் இருக்கிறது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரனுக்குக் கூலி கட்டாத விலையைக் கொடுத்துவிட்டு ‘நான் இயற்கையைக் காப்பாத்துறேன்’ என்று ஃபோட்டோ போட்டால், அது உங்கள் மனத் திருப்திக்கு மட்டும்தான்.

தழையிலிருந்து கட்டி எப்படி வருகிறது தெரியுமா? விடிகாலையில் அறுத்த தழையை அன்றைக்கே தொட்டியில் போட்டு அழுத்தி, மேலே கனம் வைத்து, ராத்திரி முழுக்க ஊறவைக்கணும். காலையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணி இறங்கும். அதைக் கீழ்த் தொட்டிக்கு விட்டு, ஆட்கள் இறங்கி ரெண்டு மூணு மணி நேரம் விடாமல் காலால் அடிக்கணும். காற்றுப் பட்டுப் பட்டுத்தான் நுரை நீலமாகும். அப்புறம் தெளியவைத்து, அடியில் படிந்த சேற்றைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, பிழிந்து, வில்லை போட்டு நிழலில் காயவைக்கணும். அந்தத் தொட்டி நாத்தம் ரெண்டு நாளைக்கு உடம்பை விட்டுப் போகாது. ஒரு கிலோ கட்டிக்கு இருநூறு, முந்நூறு கிலோ பச்சைத் தழை போகும். இப்போது சொல்லுங்க, ‘அவ்வளவா?’

எனக்குச் சொந்தத் தொட்டி கிடையாது. திண்டிவனம் பக்கத்துத் தொட்டிக்காரர் ஒருவருக்குத் தழையாகப் போட்டேன். அறுத்த தழை வெயிலில் கிடந்தால் வீணாகிப்போகும். வண்டி அவர் வாசலில் நிற்கும்போது அவர் சொல்வதுதான் விலை. திருப்பி ஓட்டிக்கொண்டு வர முடியுமா? முதல் பருவம் சுமாராகப் போச்சு. இரண்டாம் பருவம் வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக, கையில் நின்றது விதைக் காசு மட்டும். தொட்டிக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். “எனக்கு மேலே வாங்குறவன் ஆலை நீலத்து விலைக்குக் கேக்கிறான், நான் எங்கே போவேன்?” என்றார். அவனுக்கு மேலே யார்? நீங்கதான்.

இது புதுசு இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரன் கப்பல் கப்பலாக நீலத் துணி ஏற்றினான். கினே என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் காசு மாதிரி எண்ணிக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அந்த நீலத்துக்குத் தென்னார்க்காடு ஜில்லாவில் அவுரி விளைந்தது. துணி விற்றவன் பணக்காரன் ஆனான். அவுரி போட்ட குடியானவன் பெயர் எந்தத் தெருவுக்காவது வைத்திருக்கிறதா? வங்காளத்தில் இன்னும் மோசம். வெள்ளைக்கார தோட்டக்காரன் கட்டாயப்படுத்தி அவுரி போடவைத்தான். 1859-இல் குடியானவர்கள் கிளம்பிவிட்டார்கள். பீகாரில் இருபது கட்டா நிலத்தில் மூணு கட்டா அவுரிக்கு என்று சட்டமே மாதிரி. 1917-இல் காந்தி சம்பாரணுக்குப் போனது அதற்காகத்தான்.

1897-க்கு அப்புறம் ஆலை நீலம் வந்தது. அவுரி விலை விழுந்தது, தொட்டிகள் தூர்ந்தன. நீலம் தங்கமாக இருந்தபோது அடித்துப் போடச் சொன்னார்கள். மலிவு நீலம் வந்ததும் கேட்க நாதியில்லாமல் விட்டார்கள். இப்போது மூணாவது தடவை. ‘இயற்கை, இயற்கை’ என்று திரும்பி வருகிறீர்கள், வரும்போதே ஆலை விலையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள்.

விலையோடு நின்றால் பரவாயில்லை. போன சிட்டமும் இந்தச் சிட்டமும் ஒரே நீலமாக இருக்கணும். வெயிலில் மங்கக் கூடாது. எப்போது கேட்டாலும் கிடைக்கணும். ஐயா, மழை பெய்த மாசத்துத் தழையும் காய்ந்த மாசத்துத் தழையும் ஒன்றா? வீட்டில் ரெண்டு நாள் வைத்த ரசமே ஒரே மாதிரி வருவதில்லை. ஒரே மாதிரி வேணும் என்று நீங்கள் அடம் பிடித்தால் விற்கிறவன் என்ன செய்வான்? செடி நீலத்தில் ஆலை நீலத்தைக் கலப்பான். மூலக்கூறு ஒன்று என்பதால் கலந்ததை உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்தப் பொய்யைச் சொல்கிறவன் வியாபாரிதான். ஆனால் சொல்லவைக்கிறது நீங்க.

நான் ஒன்று சொல்வேன், இயற்கை விவசாய நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. பொய் சொல்கிற இயற்கைச் சாயத்தைவிட, உண்மை சொல்கிற ரசாயனச் சாயம் மேல்.

“அப்படின்னா நொய்யலைக் கெடுத்தது எது மாமா? ரசாயனச் சாயம்தானே?” என்று அக்கா மகள் மடக்கினாள். நல்ல கேள்வி. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் ஓடி, 1992-இல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணிக் குட்டையாகப் போச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு விவசாயியாக அதை நான் மறப்பேனா? ஆனால் அங்கே நிலத்தைக் கொன்றதில் பெரும்பங்கு உப்பு. பருத்திக்குப் போடுகிற சாயம் ஏறுவதற்கு ஏகப்பட்ட உப்புப் போடணும். அந்த உப்புத் தண்ணியைச் சுத்தம் பண்ணாமல், அத்தனை பட்டறையும் சேர்ந்து ஆற்றில் விட்டார்கள். உங்கள் வீட்டு அரைக் கிலோ கம்பளி வேற விஷயம். கம்பளிக்கென்று இருக்கிற ஆசிட் சாயத்தை அளவாகப் போட்டு, கொஞ்சம் வினிகர் விட்டு, மெல்லச் சூடு ஏற்றினால் சாயம் நூலிலேயே ஏறிக்கொள்ளும். பாத்திரத்துத் தண்ணி கிட்டத்தட்ட தெளிந்துவிடும். பொடியை மூச்சில் இழுக்காமல், தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டு செய்தால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதே சமயம் இயற்கை என்று பெயர் வைத்துக்கொண்டு வீடியோவில் சொல்லித்தருவதைப் பாருங்க. நிறம் ‘நிற்க’ மயில்துத்தம் போடு என்கிறார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிக்கிறவன் நான். அது குட்டையில் விழுந்தால் மீன் மிதக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் சில பழைய குறிப்புகளில் பொட்டாசியம் டைகுரோமேட் வரும். குரோமியம் என்ன செய்யும் என்று ராணிப்பேட்டையில் கேளுங்க. பூவும் இலையும் போட்ட தண்ணியிலேயே இதையும் கலந்துவிட்டு, ‘கெமிக்கல் இல்லாதது’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். பீட்ரூட் சாறு கொஞ்ச நாளில் பழுப்பாகிவிடும். மஞ்சள் தூள் பளிச்சென்று ஏறும், வெயில் பட்டால் ஓடிப்போகும். நிறம் போனதும் ‘இயற்கைச் சாயமே இப்படித்தான்’ என்று செடியைப் பழி சொல்வது.

நிஜமாகவே செய்யணும் என்றால் எளிய வழி இருக்கு. நூறு கிராம் கம்பளிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் படிகாரம். நூலை முதலில் நன்றாக நனைத்து, படிகாரத் தண்ணியில் போட்டு, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணியிலேயே ஆறவிடணும். சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணிக்கு மாற்றிக் கசக்கினால் நூல் பாத்திரத்திலேயே ஃபெல்ட் ஆகிவிடும். படிகாரம் ஏறின நூலைச் செண்டுமல்லிச் சாறில் போட்டால் நல்ல மஞ்சள். சிவப்புக்கு மஞ்சிட்டி இருக்கு, அரக்கு இருக்கு.

அவுரிக்குப் படிகாரமே வேணாம். ஆனால் கொதிக்கவைத்தாலும் வராது. கட்டி தண்ணியில் கரையாது. சுண்ணாம்பும் வெந்த தகரை விதையும் போட்டு நொதிக்கவைத்த சாலில்தான் அது கரைந்து பச்சை மஞ்சளாகும். எங்களுக்கு மேற்கே ஆரோவில்லில் இன்றைக்கும் நொதிச் சால் வைத்து நீலம் போடுகிறார்கள். கம்பளிக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் நூல் கரகரத்து இற்றுப்போகும், அதனால் பருத்திச் சாலைவிட மென்மையாக வைக்கணும். கை பொறுக்கிற சூட்டில் முக்கி எடுத்தால் நூல் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். கடைசியில் வினிகர் கலந்த தண்ணியில் அலசி எடுக்கணும். அந்த ஒரு நிமிஷத்தை ஒருதரம் பார்த்தவன் அவுரியைக் கிலோ விலையில் பேச மாட்டான்.

பார்க்காமலே பேசுவதால்தான் இந்த வம்பு. சென்னையில் உட்கார்ந்தால் நீலம் ஒரு பாக்கெட். அதற்குப் பின்னால் ஒரு வயல், ஒரு தொட்டி, முழங்கால் வரைக்கும் நீலமாகி நிற்கிற நாலு ஆள் இருப்பது தெரிவதில்லை.

“அப்ப நான் என்னதான் செய்யணும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இயற்கைச் சாயம் வாங்கினால், எந்த ஊரில் விளைந்தது, யார் தொட்டி என்று கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவனிடம் வாங்காதீங்க. நிறம் மாறி வந்தால் ஏத்துக்குங்க. தொப்பிக்கு வேண்டிய நூலை மொத்தமாக ஒரே சாலில் போட்டுவிட்டால் உங்களுக்கும் தொல்லை இல்லை. வாங்க வசதி இல்லையா, ஆசிட் சாயம் போட்டு ‘ஆசிட் சாயம்’ என்று சொல்லுங்க. முக்கியமாக, நாலு பேர், பத்து பேர் சேர்ந்து, விதைக்கிறதுக்கு முன்னாடியே விலை பேசுங்க. உங்கள் பின்னல் கூட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கு எத்தனை கட்டி வேணும்? ஒரு கிலோ கட்டி எத்தனையோ கிலோ கம்பளிக்குக் காணும். ஒரு தொப்பிக்கு அதில் விழுகிற பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்க, நீங்கள் குடிக்கிற காபிக் காசு கூட வராது.

என் அரைக் காணி இப்போது சும்மாதான் கிடக்கிறது. ரோட்டோர நிலம் என்பதால் மாசம் ரெண்டு புரோக்கர் வந்து பிளாட் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எங்க வீட்டம்மா, “இன்னும் எத்தனை நாளைக்கு வேணாம், வேணாம்னு சொல்லிக்கிட்டிருப்பே?” என்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்து நிலத்தில் கல் நட்டாச்சு.

அக்கா மகள் அன்றைக்கு வேலியோரச் செண்டுமல்லியைப் பறித்து ரெண்டு சிட்டம் மஞ்சள் போட்டுக்கொண்டு போனாள். நன்றாகத்தான் வந்தது. போகும்போது, “எங்க குரூப்ல கேட்டுப் பார்க்கிறேன் மாமா” என்றாள். கேட்கட்டும்.

மல்லாட்டை பிடுங்கினதும் அந்த அரைக் காணியில் அவுரி விதையா, கல்லா என்று முடிவு பண்ணியாகணும். வர்றவங்க அதுக்கு முன்னாடி வாங்க. தழை அறுத்து வண்டியில ஏத்தினதுக்கு அப்புறம் வந்து, “பாதி விலைக்குத் தர்றீங்களா?” என்று மட்டும் கேட்காதீங்க.